ரங்கூன் கப்பலில் போன கொள்ளுத்தாத்தாவைத் தேடி இரண்டு வருஷம்

எங்கள் வீட்டில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கோடியக்கரைக் கடலில் முழுக்குப் போட்டு முன்னோருக்குக் கொடுப்பது நான்கு தலைமுறைப் பழக்கம். மற்றவர்களுக்கு அதுபோக இறந்த திதியில் தனியாகவும் கொடுப்போம். அப்பாவின் தாத்தாவுக்கு மட்டும் அது கிடையாது. அவர் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினார், கப்பல் முழுகிவிட்டது, என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் இருந்த செய்தி அவ்வளவுதான். அப்பாவுக்கு எண்பது வயது நெருங்கும்போது இந்த ஒரு குறை அவரைப் பிடித்துக்கொண்டது. "அவருக்கு ஒரு திதி தெரிஞ்சாப் போதும்டா, கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்குங்கிறாங்களே, தேடிப் பாரேன்" என்று 2021 தை மாதம் என்னிடம் கேட்டார். ஒரு வாரத்து வேலை என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 71,500 ரூபாய் செலவு. அப்பா அந்தத் தேதியைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார். தெரிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டு போனார் என்பதுதான் சரி. அதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். பர்மா, மலாயா, சிலோன் என்று கப்பலேறிப் போய்த் திரும்பாதவர்கள் நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. தேடப் போகிறவர்கள் நான் போன வழியில் போகாமல் இருக்கட்டும்.

முதலில் எம்டன், முதல் உலகப் போரில் நம் கடலில் சுற்றிய ஜெர்மன் போர்க்கப்பல். அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, உயிரோடு இருந்தபோது, "எம்டன் குண்டு போட்ட வருஷம் உங்க கொள்ளுத்தாத்தா கப்பல் முழுகிப்போச்சு" என்று சொல்வார். அதற்கு ஒத்தாற்போல இன்னொன்றும் அமைந்தது. தாத்தா வயிற்றில் இருக்கும்போதே அவருடைய அப்பா கப்பலேறிவிட்டார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தாத்தா 1983இல் இறந்தபோது வாக்காளர் பட்டியலில் அவருக்கு 69 வயது. கணக்குப் போட்டால் 1914. எம்டன் சென்னைமீது குண்டு வீசியது 1914 செப்டம்பர் 22 இரவு. இரண்டும் அச்சாகப் பொருந்தவே, எனக்குச் சந்தேகமே வரவில்லை. அடுத்த பத்து மாதம் எம்டனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாங்கிப் படித்தேன். பழைய புத்தகங்கள், வங்கக் கடலின் பழைய வரைபடத்தின் நகல் என்று 6,000 ரூபாய் ஆனது. படிக்கப் படிக்க ஒன்று உறுத்த ஆரம்பித்தது. வங்கக் கடலில் எம்டன் மூழ்கடித்தவை சரக்குக் கப்பல்கள். அவற்றில் இருந்த ஆட்களை முதலில் இறக்கி, வேறு கப்பலில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடித்தார்கள். எதிரிகள்கூட இதற்காக அதன் கேப்டனைப் பாராட்டியிருக்கிறார்கள். நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி அதை அடித்து நொறுக்கியதோடு அதன் கதை முடிந்தது. நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரங்கூன் போன எந்தக் கப்பலையும் எம்டன் முழுகடிக்கவில்லை.

இதை அப்போதே ஒத்துக்கொண்டிருந்தால் நேரம் மிஞ்சியிருக்கும். மனசு வரவில்லை. அப்பாயி பொய் சொல்ல மாட்டார் என்பதிலேயே நின்றேன். அவர் பொய் சொல்லவில்லைதான். சின்ன வயதில் ஊரெல்லாம் எம்டன் பேச்சாக இருந்ததைக் கேட்டு வளர்ந்தவர். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததும் கப்பல் முழுகின கதையைக் கேட்டிருக்கிறார். இரண்டும் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. குடும்பக் கதைகளில் இது சர்வ சாதாரணம் என்று இப்போது தெரிகிறது. ஊருக்கே தெரிந்த ஒரு பெரிய சம்பவம், பெயர் தெரியாத சின்னச் சம்பவத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். நடந்த செயலை அப்படியே நம்பலாம். வருஷத்தையும் பெயரையும் மட்டும் வேறு ஒரு தாளோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ் இவற்றில் இருக்கும் பழைய காலத்து வயதை ஒருபோதும் நம்பாதீர்கள். கணக்கெடுக்க வந்தவர் ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதியது அது. தாத்தா விஷயத்தில் பன்னிரண்டு வருஷம் பிசகியிருந்தது.

இரண்டாவது, பெயர்ப் பட்டியல் ஆசை. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. 1860இல் சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை, ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கும். முதன்முதலில் அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தா பெயரும் அவருடைய அப்பா பெயரும் சேர்ந்தாற்போல அதில் ஒருவர் இருந்தார். நம் ஊர்களில் நான்கைந்து பெயர்கள்தான் மாறி மாறி வரும் என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது. கிராமம் வேறு, வயது வேறு. ஆனாலும் ரங்கூன் போனவர்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் எங்கேயோ இருக்கத்தான் வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. அதைத் தேடிச் சென்னைக்கு நான்கு தடவை போனேன். முதல் இரண்டு தடவை ஆவணக் காப்பகம் ஒன்றின் வாசலோடு திரும்பினேன். ஆய்வுக்கு அனுமதி கேட்டு முன்கூட்டியே எழுத வேண்டும், அறிமுகக் கடிதம் வேண்டும் என்பதை விசாரிக்காமல் போனது என் தப்பு. ரயில், தங்கல், சாப்பாடு, ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய்.

யாராவது ஒரே ஒரு வாக்கியம் எனக்குச் சொல்லியிருந்தால் அந்த நான்கு பயணமும் மிச்சம். 1937 வரைக்கும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையிலிருந்து ரங்கூனுக்குப் போவது அன்றைய சட்டப்படி வெளிநாட்டுப் பயணமே இல்லை, பம்பாய்க்குப் போவது மாதிரிதான். நேட்டால், மொரீஷியஸ், பிஜி போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள் என்பதால் அரசாங்கம் ஆளுக்கு ஒரு வரி எழுதிவைத்தது. ரங்கூனுக்குப் போன விவசாயக் கூலியும், அரிசி ஆலைக்காரனும், செட்டியார் கடைப் பையனும் டிக்கெட் வாங்கிக்கொண்டு மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். ஆகவே தேட ஆரம்பிக்கும் முன், உங்கள் ஆள் போன ஊர் அந்த வருஷத்தில் யார் ஆட்சியில் இருந்தது, அவர் ஒப்பந்தக் கூலியாகப் போனாரா, சொந்தமாகப் போனாரா, கப்பலில் வேலைக்காரராகப் போனாரா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எந்தக் கதவைத் தட்டுவது என்பது அதைப் பொறுத்தது.

இனி சொல்லப் போவதை எழுதக் கை கூசுகிறது. 2022 ஆகஸ்ட்டில், பரம்பரையைத் தேடித் தருகிறோம் என்று விளம்பரம் செய்த ஒருவரிடம் போய் மாட்டினேன். நல்ல தமிழில் பொறுமையாகப் பேசினார். நான் அதுவரை சேர்த்து வைத்திருந்ததை எல்லாம், பெயர், ஊர், 1914, எம்டன் என்று ஒன்றுவிடாமல் அவரிடம் ஒப்பித்தேன். லண்டனில் ஆள் இருக்கிறார், பட்டியல் எடுத்துத் தர முடியும் என்றார். இரண்டு தவணையாக 42,000 ரூபாய் செல்போன் வழியாகவே அனுப்பினேன். ஐந்தாவது வாரம் ஒரு பக்கத்தின் படம் வந்தது. மஞ்சளேறிய தாள், தட்டச்சு எழுத்து, ஒரு கப்பலின் பெயர், 1914 அக்டோபர் மாதத்து ஒரு தேதி, வரிசையில் பதினேழாவதாக எங்கள் கொள்ளுத்தாத்தா. ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர். "இதுவா, இதுவா" என்று விரலை வைத்துக் கேட்டுக்கொண்டே அழுதார். அந்தத் தேதிக்குப் பஞ்சாங்கம் பார்த்துத் திதி கணக்கிட்டு, அந்த வருஷம் ஐப்பசியில் கோடியக்கரைக்குப் போய், நடக்க முடியாத நிலையிலும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கித் தன் தாத்தாவுக்கு முதன்முறையாகக் கொடுத்தார்.

டிசம்பரில் அக்கா மகள் வந்திருந்தாள். டிஎன்பிஎஸ்சி குரூப் தேர்வுக்குப் படிக்கிற பெண். அந்தப் படத்தைப் பெருமையாகக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமா, நாகப்பட்டினம் மாவட்டம் 1991லதான் தஞ்சாவூர்லேர்ந்து பிரிஞ்சுது. இதுல எப்படி மாமா 1914லயே போட்டிருக்கு?" என்றாள். பட்டியலில் வேதாரண்யம் தாலுகா, நாகப்பட்டினம் மாவட்டம் என்று ஆங்கிலத்தில் அச்சடித்தாற்போல இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தஞ்சாவூர் ஜில்லா, திருத்துறைப்பூண்டி தாலுகா. அதுமட்டுமில்லை, அன்றைக்கு வெள்ளைக்காரர்கள் நெகபட்டம் என்றும் டாஞ்சூர் என்றும் எழுதினார்களே தவிர, இப்போது பெயர்ப்பலகையில் இருக்கிற எழுத்துக்கூட்டல் அப்போது கிடையாது. என்னிடம் கேட்ட விவரங்களையே ஒரு தாளில் அடித்து எனக்கே விற்றிருக்கிறார். கூப்பிட்டேன், எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை, புகாரும் கொடுக்கவில்லை. அது இரண்டாவது முட்டாள்தனம். ஏமாந்தது தெரிந்த நிமிஷமே இணையப் பண மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், நாள் ஆக ஆகப் பணம் கைக்கு எட்டாது. அதற்கும் முன்னால், பணம் கேட்கிற யாரிடமும் மூன்று விஷயம் கேளுங்கள். எந்தக் காப்பகம், அங்கே அந்தக் கட்டின் அடையாள எண் என்ன, அந்தப் பக்கத்தோடு முன்பக்கமும் பின்பக்கமும் முழுசாகப் படமெடுத்துத் தருவீர்களா. உண்மையான ஆள் இதைக் கேட்காமலே சொல்லிவிடுவார். இன்னொன்று, உங்கள் ஆளின் பெயரை முதலிலேயே சொல்லாதீர்கள். ஊரையும் காலத்தையும் மட்டும் சொல்லி, கிடைத்ததைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அப்பாவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். அவர் நிம்மதியாக இருந்தார். 2023 பிப்ரவரியில் போய்விட்டார். நான் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்து அப்பாவின் தகரப்பெட்டியை இறக்கினோம். கஜா புயலில் ஓடு பறந்து அந்தப் பரண் நனைந்தது, 2018 நவம்பரில். அப்போதே அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று சொன்னவன் நான். உள்ளே நிலப் பத்திரங்கள். கிஸ்தி ரசீதுகளோடு சேர்ந்து ஒட்டிப்போய், ஓரமெல்லாம் கறை. அதில் ஒன்று 1904ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். புள்ளி வைக்காத எழுத்து, தமிழ் எண்கள், எனக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் வயதான பத்திர எழுத்தர் ஒருவரிடம் கொண்டுபோனேன். 500 ரூபாய் வாங்கிக்கொண்டு நிதானமாகப் படித்துச் சொன்னார். விற்பவர் எங்கள் கொள்ளுப்பாட்டி. இரண்டு வயது மைனர் மகனுக்குத் தாயும் கார்டியனுமாக ஒரு மா நிலத்தை விற்கிறார். ஏன் அவர் விற்கிறார் என்பதற்கான காரணமும் அதிலேயே இருந்தது. புருஷன் சுபகிருது வருஷம் சித்திரை மாதம் சென்னப்பட்டணத்திலிருந்து ரங்கூன் போன கப்பல் சேதமானதில் தவறிப்போனதால், அவர் வாங்கிய கடனை அடைக்க.

இரண்டு வருஷமாக நான் எங்கெங்கோ தேடியது என் தலைக்கு மேலே பரணில் இருந்தது. அப்பாவைக் கேட்டிருந்தால் அவரே பெட்டியை இறக்கச் சொல்லியிருப்பார். ஆகவே வெளியே ஒரு பைசா செலவு செய்யும் முன் வீட்டிலும் பங்காளிகள் வீட்டிலும் இருக்கும் பழைய பத்திரங்களைப் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படித்துவிடுங்கள். பாகப் பத்திரம், மைனர் சொத்து விற்ற பத்திரம், கடன் பத்திரம் இந்த மூன்றிலும் யார் எப்போது எப்படி இறந்தார் என்று காரணம் சொல்லியாக வேண்டியிருந்தது, அதனால் எழுதியிருப்பார்கள். பத்திரம் தொலைந்துபோயிருந்தாலும் பதிவு அலுவலகத்தில் நகல் கேட்டு மனுப் போடலாம். தமிழ் வருஷத்தை ஆங்கில வருஷமாக மாற்றும்போது இரண்டு இடத்தில் கால் வழுக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும், சுபகிருது என்றால் 1842, 1902, 1962, 2022 எதுவாகவும் இருக்கலாம். அடுத்தது, சுபகிருதுவுக்கு அடுத்த வருஷத்தின் பெயர் சோபகிருது. கறை படிந்த பழைய கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பத்திர எழுத்தரே முதலில் மாற்றித்தான் படித்தார். மகனுக்கு வயது இரண்டு என்பதையும் பத்திரத் தேதியையும் வைத்துத்தான் 1902 என்று உறுதி செய்துகொண்டோம். அப்பா இறந்ததும் ஒரு சுபகிருது வருஷத்தில்தான் என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது.

சித்திரை என்றால் ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை. அந்த ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு கப்பல் மூன்றே நாளில் கிடைத்துவிட்டது. எஸ்.எஸ். கமோர்ட்டா. பி.ஐ. கம்பெனி என்று நம் தாத்தாக்கள் சொன்ன பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல். சென்னையிலிருந்து ரங்கூனுக்குப் போகும்போது புயலில் சிக்கி, 1902 மே 6ஆம் தேதி பர்மாவின் ஐராவதி ஆற்று முகத்துவாரத்தில் பரகுவா திட்டுகள் பக்கம் முழுகியது. 655 பயணிகள், 82 கப்பல் ஊழியர்கள், மொத்தம் 737 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பத்து வருஷம் கழித்து முழுகிய டைட்டானிக்கில் இறந்தது சுமார் 1,500 பேர். அதில் பாதி அளவு உயிர்கள் நம் கரையிலிருந்து போன ஒரே கப்பலில் போயிருக்கின்றன. டைட்டானிக் பற்றி எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். கமோர்ட்டா என்ற சொல்லை ஐம்பது வயதில்தான் முதன்முதலாகக் கேட்டேன். அதை நினைத்து ஆத்திரமாக வந்தது.

எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். வெளிநாட்டுப் பழைய செய்தித்தாள் தளங்களுக்குச் சந்தா கட்டி 9,000 ரூபாய் விட்டவன் நான். கடைசியில் கைகொடுத்தவை காசு கேட்காதவை. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ், நியூசிலாந்தின் பேப்பர்ஸ் பாஸ்ட், சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி. நம் கடலில் நடந்த விபத்துக்குச் சிங்கப்பூர், ஆஸ்திரேலியப் பத்திரிகையில் தேடுவானேன் என்று தோன்றும். கப்பல் செய்தி தந்தியில் எல்லாத் துறைமுகங்களுக்கும் போகும், அவர்கள் அதை அச்சடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். விபத்து நடந்த தேதியில் தேடினால் ஒன்றும் அகப்படாது. 1902இல் இந்த மாதிரிக் கப்பல்களில் வயர்லெஸ் கிடையாது. வரவேண்டிய நாளில் வரவில்லை என்றால் முதலில் தாமதம் என்று எழுதுவார்கள், பிறகு காணவில்லை என்பார்கள், அதற்கும் பிறகுதான் முழுகியது என்று வரும். ஆகவே ஒன்றரை மாதம் தள்ளி வரைக்கும் பாருங்கள். கப்பல் பெயரைவிட தாமதமான கப்பல், காணாமல் போன கப்பல், ரங்கூன் என்பதற்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடினால் சீக்கிரம் அகப்படும். பெயரின் எழுத்துக்கூட்டலும் ஆளை ஏமாற்றும். கமோர்ட்டா என்பது நிகோபார் தீவு ஒன்றின் பெயர். தீவை இப்போது கே எழுத்துப் போட்டு எழுதுகிறார்கள், கப்பல் பெயர் சி எழுத்தில் தொடங்கும். ஸ்கேன் செய்த இயந்திரம் எழுத்துகளைத் தப்பாக வாசித்து வைத்திருக்கும் இடங்களும் உண்டு, ஒன்றிரண்டு எழுத்தை மாற்றிப் போட்டும் பாருங்கள்.

அந்த மே மாதத்து இதழ்களைப் புரட்டும்போது பக்கம் பக்கமாக வேறொரு செய்திதான் வந்துகொண்டே இருந்தது. கமோர்ட்டா முழுகி இரண்டே நாளில், மே 8ஆம் தேதி, மேற்கிந்தியத் தீவுகளின் மார்ட்டினிக்கில் பெலே எரிமலை வெடித்து செயின்ட் பியர் என்ற ஊரே அழிந்து, ஏறக்குறைய 28,000 பேர் செத்துப்போனார்கள். உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் அதையே எழுதிக்கொண்டிருந்த சமயத்தில், ஒரு இந்தியக் கரையோரக் கப்பல் இன்னும் வந்து சேரவில்லை என்பது நாலு வரிச் செய்தியாகப் போனது. நம்மவர்கள் மறக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கடற்கரையும் லேசுப்பட்டது இல்லை. ஏப்ரல், மே மாதத்துப் புயல் வங்கக் கடலில் உருவாகி அடிக்கடி அந்தப் பக்கம்தான் போகும். 2008 மே 2ஆம் தேதி நர்கிஸ் புயல் அதே ஐராவதி டெல்டாவில்தான் கரையேறியது, இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,30,000 பேருக்கு மேல். கஜாவை வீட்டுக்குள் இருந்து பார்த்தவன் நான். ஓட்டு வீட்டுக்குள் நாலு சுவருக்கு நடுவே நின்றே உயிர் நடுங்கியது. கரையும் தெரியாத கடலில் மேல்தட்டில் அறுநூறு பேர் எதைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று அந்த இரவுகளில் யோசித்துக்கொண்டே இருந்தேன். பஞ்சாங்கக் கணக்குப் பார்த்தபோது மே 6 செவ்வாய்க்கிழமை, தேய்பிறை சதுர்த்தசி என்று வந்தது. மறுநாள் அமாவாசை. நிலாவும் இல்லாத இருட்டு.

கொள்ளுத்தாத்தா கமோர்ட்டாவில்தான் இருந்தார் என்பதற்குப் பெயர் போட்ட ஒரு தாள் என் கையில் இல்லை. கொள்ளுப்பாட்டி பத்திரத்தில் சொன்ன மாதமும், சென்னையும், ரங்கூனும், கப்பல் சேதமும் இந்தக் கப்பலோடு பொருந்துகின்றன. எனக்கு அது போதும். எனக்குப் போதுமானது உங்களுக்குப் போதாமல் இருக்கலாம். எதுவரைக்கும் தெரிந்தால் நிறுத்திக்கொள்வது என்று ஆரம்பத்திலேயே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தத் தெரியாத ஆளைத்தான் ஏமாற்றுகிறவர்கள் மோப்பம் பிடிக்கிறார்கள்.

உங்கள் ஆள் பயணியாக இல்லாமல் கப்பல் வேலைக்காரராக இருந்தால் வாய்ப்பு அதிகம். பிரிட்டனில் பதிவான கப்பல்களின் 1863 முதல் 1938 வரைக்குமான ஊழியர் பட்டியல்களில் பெரும்பகுதி கனடாவில், நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல் வரலாற்றுக் காப்பகத்தில் இருக்கிறது. ஐந்தில் முடியும் வருஷங்களின் பட்டியல்கள் பெரும்பாலும் லண்டன் கிரீனிச் அருங்காட்சியகத்தில் உள்ளன, பத்தில் ஒரு பங்கு லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள பிரிட்டன் தேசியக் காப்பகத்தில். 1915ஆம் வருஷத்துப் பட்டியல்களை இணையத்தில் காசில்லாமல் பெயர் போட்டே தேடலாம். கனடாவுக்கு எழுதும் முன் கப்பலின் பதிவு எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் பல கப்பல்கள் இருந்ததால் அவர்கள் எண்ணைத்தான் கேட்பார்கள். முதல் உலகப் போரில் கடலில் இறந்த லஸ்கர்கள், அதாவது பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த நம் நாட்டு மாலுமிகள் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பம்பாய் நினைவிடத்தின் கீழ் பெயரைத் தேடுங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பத்திரத்தை ஸ்கேன் செய்து அக்கா வீட்டில் ஒன்று, சித்தப்பா மகன் வீட்டில் ஒன்று என்று நகல் கொடுத்துவிட்டேன். மூலத்தைப் பிளாஸ்டிக் உறையில் போடாதே, உள்ளே வியர்த்துவிடும், பருத்தித் துணியில் சுற்றி மேட்டு இடத்தில் வை என்று பத்திர எழுத்தர் சொன்னார். அப்படியே வைத்திருக்கிறேன்.

2024இல் சித்திரைச் சதுர்த்தசி மே 6ஆம் தேதி பிற்பகலில் பிறந்து மறுநாள் காலை வரை இருந்தது. ஆங்கிலத் தேதியும் திதியும் 1902இல் வந்தது மாதிரியே வந்தன. அன்றைக்கு நான் தனியாகத்தான் கோடியக்கரைக்குப் போனேன். பெயர் சொல்லுங்கள் என்றார் செய்துவைத்தவர். கொள்ளுத்தாத்தா பெயரைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன். வேறு யாராவது உண்டா என்று கேட்டார். கூடப் போனவர்கள் 736 பேர், பெயர் தெரியாது என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் எள்ளையும் தண்ணீரையும் இன்னொரு முறை என் கையில் விட்டார்.